பழங்குடி மொழிகளும் இளைய தலைமுறையும்: நமது கடமை

(உலகத் தாய்மொழி நாளையொட்டிப் பெங்களூரு பிரேசர் டவுனில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதிக்கே ஒரு மொழி வரலாறு உண்டு. 1898ஆம் ஆண்டு பெங்களூருவைப் பிளேக் நோய் சூறையாடியது. அதன் பின்னர், நெரிசல் மிகுந்த தண்டுப் பகுதி மக்களுக்குக் காற்றோட்டமான குடியிருப்பு வேண்டும் என்று அமைக்கப்பட்ட புறநகர் இது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். பிற்காலத்தில் சாளுக்கிய மன்னன் பெயரால் புலகேசி நகர் என்று மாற்றினார்கள். மக்கள் நாவில் இன்றும் பிரேசர் டவுன்தான். மசூதிச் சாலையிலும் கோல்ஸ் சாலையிலும் நடந்து வந்தால் தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் எல்லாம் காதில் விழும். படைகளோடும் கட்டுமானப் பணிகளோடும் வந்த தமிழ் உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் இங்கே வாழ்கிறார்கள். உங்களில் பலர் அவர்களே.

இந்த உரைக்கு நான் தயாராகத் தொடங்கியது ஒரு கேள்வியிலிருந்து. கடந்த ஆண்டு இப்பகுதித் தோழர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகள் படித்து, வேலைக்குப் போகிறவள். தமிழ் சரளமாகப் பேசுவாள். என்னிடம், "மாமா, நீங்க எழுதுறதை அப்பா படிச்சுக் காட்டினாத்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தமிழ் படிக்க வராது" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு அவங்க மொழியில பாடம் வேணும்னு உங்க பேப்பர்ல எழுதுறீங்களாமே, என் மொழியை எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

முப்பதாண்டுகளாகக் கட்சி ஆவணங்களையும் கட்டுரைகளையும் தமிழாக்கம் செய்துவரும் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. அவள் சொன்னதில் ஒரு பாதிதான் சரி என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தப் பாதி மிகவும் சரி.

ஒடுக்கப்படும் மொழி, ஒடுக்கும் மொழி

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று டாக்கா நகரில் வங்க மொழிக்காகத் திரண்ட மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்த நாளைத்தான் 1999இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. உருது மட்டுமே அரசு மொழி என்ற ஆணவத்தை எதிர்த்து இளைஞர்கள் உயிர் கொடுத்த நாள் அது. 1965இல் தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளர்ந்ததை நினைவில் வைத்திருக்கும் நமக்கு, டாக்கா வேற்று ஊர் அன்று.

ஆனால் டாக்காவிலிருந்து சிறிது கிழக்கே சென்று, திரிபுரா மலைகளில் நின்று பார்த்தால் காட்சி மாறுகிறது. அங்கே அரசவை மொழியாகவும் அலுவலக மொழியாகவும் பள்ளி மொழியாகவும் இருந்தது வங்கம்தான். மலைவாழ் மக்களின் கோக்பரோக் மொழி வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. ஓரிடத்தில் ஒடுக்கப்பட்ட மொழி இன்னோரிடத்தில் மேலாதிக்க மொழியாக நிற்கலாம். இதில் எந்த மொழியின் குற்றமும் இல்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இந்த உண்மையைத் தமிழுக்கும் பொருத்திப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டும். நீலகிரியில் கோத்தர் குழந்தையும் தோடர் குழந்தையும் பள்ளிக்குள் நுழையும்போது எதிரே நிற்கும் பெரிய மொழி தமிழ்தான். கோத்த மொழியும் தோட மொழியும் தமிழின் வட்டார வழக்குகள் அல்ல. அவை தனித்த இலக்கணமும் தனித்த ஒலியமைப்பும் கொண்ட திராவிட மொழிகள். 1930களில் நீலகிரிக்கு வந்து தங்கிய அறிஞர் எமனோ, கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் நூல்களாகத் தொகுத்தார். உலக மொழியியலாளர்கள் அவற்றைப் போற்றுகிறார்கள். நம் ஊரிலோ, படித்தவர்கள்கூட "அவர்கள் ஏதோ மலைத் தமிழ் பேசுகிறார்கள்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

ஒரு சொல்லின் சரிவு

மொழிபெயர்ப்பாளனுக்குச் சொற்களோடுதான் வழக்கு. ஐக்கிய நாடுகள் அவை 2022 முதல் 2032 வரையிலான பத்தாண்டை இத்தகைய மொழிகளுக்கான பத்தாண்டு என்று அறிவித்தபோது, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பூர்வகுடி, தொல்குடி, முதுகுடி, ஆதிவாசி, பழங்குடி என்று பல சொற்கள் இருக்கின்றன. 'பழங்குடி' என்ற சொல் திருக்குறளில் குடிமை அதிகாரத்தில் வருகிறது. அங்கே அதன் பொருள் என்ன? வறுமை வந்தாலும் பண்பு குன்றாத, தொன்று தொட்டு வரும் மேன்மையான குடும்பம் என்பது. பெருமைக்குரிய சொல்லாக இருந்த அது, இன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் மக்களின் பெயராகச் சுருங்கிவிட்டது. 'பழங்குடி' என்றால் 'பின்தங்கியவர்' என்று நம் மனத்தில் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்த எழுத்தில் அறிவுலகத்துக்கும் பங்குண்டு. திராவிட மொழிகளின் உறவை 1856இல் நிறுவிய கால்டுவெல்லுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே கால்டுவெல்தான் அந்தக் குடும்பத்தைத் திருந்திய மொழிகள், திருந்தா மொழிகள் என்று இரண்டாகப் பிரித்தார். தோடம், கோத்தம், கோண்டி, குடுக் முதலியன திருந்தா வரிசையில் வைக்கப்பட்டன. எழுத்தும் ஏடும் அரசும் இருந்தவை திருந்தியவை, இல்லாதவை திருந்தாதவை! எம்.ஏ. வகுப்பில் இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

கணக்கில் வராதவர்கள்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். அவற்றையும் தொகுத்து, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளை மட்டும் பெயர் சொல்லி வெளியிட்டார்கள். 1971 முதல் இதுதான் வழக்கம். பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் 'பிற' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட வேண்டும். இரண்டாயிரம் பேர் பேசும் ஒரு மொழி செழிக்கிறதா, தேய்கிறதா என்பதை இந்தியக் குடியரசின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அறிய முடியாது.

எண்ணிக்கை இருந்தாலும் போதுமா? அதே கணக்கெடுப்பின்படி பீலி மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1 கோடியே 4 லட்சம் பேர். கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம். குடுக் பேசுவோர் ஏறத்தாழ 20 லட்சம். இவற்றில் எதுவும் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இல்லை. தாய்மொழி என 24,821 பேர் பதிவு செய்த சமஸ்கிருதம் தொடக்கம் முதலே இருக்கிறது. சமஸ்கிருதம் படிப்பதில் நமக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் அளவுகோல் எது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஜெய்பால் சிங் முண்டா. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் நடந்தபோது முண்டாரி, கோண்டி, ஓராவோன் ஆகிய மொழிகளை அட்டவணையில் சேர்க்கவேண்டும் என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. பதினான்கு மொழிகளோடு தொடங்கிய அட்டவணையில் சந்தாலியும் போடோவும் இடம்பெறுவதற்கு 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு.

திரிபுரா: பள்ளியிலிருந்து எழுந்த இயக்கம்

காத்திருக்காமல் எழுந்தவர்களும் உண்டு. அவர்கள் வரலாறு நம் இயக்கத்தின் வரலாறும் ஆகும்.

1945ஆம் ஆண்டின் இறுதியில் திரிபுரா மன்னராட்சியின் கீழ் இருந்தது. மலைவாழ் மக்களிடையே படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆண்டு டிசம்பரில் தசரத் தேவ், சுதன்வா தேவ்வர்மா உள்ளிட்ட இளைஞர்கள் சிலர் ஜன சிக்ஷா சமிதி என்ற மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்கள். அப்போது தசரத் தேவுக்கு வயது இருபத்தொன்பது. கிராமம் கிராமமாக நடந்து மக்களைக் கூட்டினார்கள். கல்விக் கூடங்களை மக்களே எழுப்பினார்கள். மிகக் குறுகிய காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மலைகளில் தோன்றின. அரசு கட்டித் தந்த பிறகு படிக்கலாம் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. கட்டிவிட்டு, அங்கீகாரம் கொடு என்று அரசைக் கேட்டார்கள்.

எழுத்தறிந்தவன் கேள்வி கேட்பான் என்பதை அரண்மனை உடனே புரிந்துகொண்டது. அதிகாரிகள் வரும்போது அவர்களுடைய மூட்டைகளைக் கூலியின்றிச் சுமக்கவேண்டிய 'தித்துன்' என்னும் கட்டாய உழைப்பு முறை அங்கே இருந்தது. இயக்கம் அதற்கு எதிராகத் திரும்பியது. 1948இல் அடக்குமுறை கட்டவிழ்த்து விடப்பட்டபோது இந்த இளைஞர்களே கணமுக்தி பரிஷத்தை உருவாக்கினார்கள். 1949 மார்ச் 28 அன்று பத்மபில் கிராமத்தில் காவல்படையின் சுமைகளைச் சுமக்க மறுத்து எதிர்நின்ற பழங்குடிப் பெண்கள் குமாரி, மதுதி, ரூபஸ்ரீ மூவரும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். தலைமறைவாக இருந்தபடியே 1952 தேர்தலில் வென்று தசரத் தேவ் நாடாளுமன்றம் சென்றார். 1993இல் அம்மாநிலத்தின் முதலமைச்சராகவும் ஆனார்.

சுதன்வா தேவ்வர்மாவின் பாதையையும் கவனியுங்கள். கல்வி இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான அவர்தான் 1950களில் கோக்பரோக் மொழியில் இதழ் நடத்தினார். பிற்காலத்தில் அம்மொழியின் முதல் நவீன நாவல் என்று போற்றப்படும் 'ஹாச்சுக் குரியோ'வை எழுதினார். பள்ளி கட்டிய கையே நாவலும் எழுதியது.

'கோக்' என்றால் பேச்சு. 'பரோக்' என்றால் மனிதர். மனிதர் பேச்சு என்பதே அம்மொழியின் பெயர். 1979 ஜனவரி 19 அன்று, தோழர் நிருபேன் சக்கரவர்த்தி தலைமையிலான இடது முன்னணி அரசு கோக்பரோக்கைத் திரிபுராவின் ஆட்சி மொழிகளில் ஒன்றாக அறிவித்தது. அந்த நாள் இன்றும் கோக்பரோக் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கையால் கட்டிய பள்ளிக்கூடங்களுக்கும் அந்த அரசாணைக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகால வர்க்கப் போராட்டம் இருக்கிறது. மொழி உரிமை என்பது மாநாட்டுத் தீர்மானத்தால் மட்டும் வந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எழுத்தை யார் தேர்ந்தெடுப்பது?

இதோடு நிறுத்திக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பாடத்தின் மறுபாதியைச் சொல்லாமல் விடுவது சரியன்று. இனிச் சொல்லப்போவது என் சொந்தக் கருத்து. தோழர்கள் இதில் மாறுபடலாம்.

கோக்பரோக்கை எந்த எழுத்தில் எழுதுவது? வங்க எழுத்தா, ரோமன் எழுத்தா? பல பத்தாண்டுகளாக நடக்கும் விவாதம் இது. இரண்டு குழுக்கள் அமைத்து ஆராய்ந்தும் தீரவில்லை. வங்க எழுத்து என்ற நிலையை நம் இயக்கம் பெரிதும் ஆதரித்தது. அதற்குக் காரணங்கள் இருந்தன: பாடநூல்கள் அதில் இருந்தன, மலைமக்களும் வங்காளிகளும் ஒரே மாநிலத்தில் ஒற்றுமையாக வாழவேண்டும் என்ற அக்கறையும் இருந்தது. ஆனால் இளைய தலைமுறை வேறு விதமாகச் சிந்தித்தது. வங்க எழுத்தில் நேரடியாக இடமில்லாத ஓர் உயிரொலி தங்கள் மொழியில் இருக்கிறது என்றார்கள். கைப்பேசியில் ஒருவருக்கொருவர் ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொண்டார்கள். பொதுத்தேர்வை ரோமன் எழுத்தில் எழுத அனுமதி கேட்டு அண்மை ஆண்டுகளில் மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள்.

அந்த மாணவர்களின் கோரிக்கையில் நாம் பிரிவினைவாதத்தின் நிழலைப் பார்த்த அளவுக்கு, மொழிப்பற்றின் வெளிச்சத்தைப் பார்த்தோமா? இதுதான் என் கேள்வி. அவர்களுடைய பாட்டன்மாருக்குப் பள்ளி கட்டியவர்கள் நாம். அதனால் பேரப்பிள்ளைகளின் எழுத்தையும் நாமே முடிவு செய்யலாம் என்று ஆகிவிடாது. நாம் தயங்கி நின்ற இடைவெளியில் பிறர் புகுந்தார்கள். 2022 ஏப்ரலில் ஒன்றிய உள்துறை அமைச்சர், வடகிழக்கின் ஒன்பது பழங்குடிச் சமூகங்கள் தம் எழுத்தைத் தேவநாகரிக்கு மாற்றிக்கொண்டதைச் சாதனையாகச் சொன்னார். அப்பகுதிப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை இந்தி கட்டாயம் என்றும் பேசினார். பழங்குடி மொழிக்கு எழுத்து கொடுப்பது போலக் காட்டி, அந்த எழுத்தின் வழியே இந்தியைக் கொண்டுசேர்க்கும் திட்டம் இது. இதை எதிர்க்கும் தார்மீக வலிமை நமக்கு வேண்டுமானால், 'எழுத்தைத் தேர்வது மொழிக்குரியவர் உரிமை' என்ற நிலைபாடு ஐயத்துக்கு இடமின்றி இருக்கவேண்டும்.

சோவியத் அனுபவமும் இதையே சொல்கிறது. எந்த மொழியையும் கட்டாய அரசு மொழியாக்குவதை 1914இலேயே லெனின் எதிர்த்து எழுதினார். புரட்சிக்குப் பின், 1924இல் வடபுலச் சிறு தேசிய இனங்களுக்கெனத் தனிக்குழு அமைந்தது. எழுத்தே இல்லாதிருந்த மொழிகளுக்கு 1930களின் தொடக்கத்தில் இலத்தீன் அடிப்படையில் எழுத்து உருவாக்கப்பட்டது, பாடநூல்கள் வந்தன. உலகில் வேறெந்த அரசும் அன்று செய்யாத பணி அது. ஆனால் சில ஆண்டுகளிலேயே, மேலிருந்து வந்த முடிவால் அத்தனையும் ரஷ்ய எழுத்துக்கு மாற்றப்பட்டன. அப்போதுதான் படிக்கப் பழகிய பிள்ளைகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. கொடுத்த கையே பறித்தது என்றால் அந்த மக்கள் மனத்தில் என்ன தங்கும்?

இதற்கு மாறாக, 1925இல் மயூர்பஞ்சின் இருபது வயது இளைஞர் ரகுநாத் முர்மு சந்தாலி மொழிக்கு 'ஒல் சிக்கி' என்ற எழுத்தை உருவாக்கினார். முப்பது எழுத்துகள். சந்தாலிகள் அதைத் தமதென்று ஏற்றுக்கொண்டார்கள். 1979இல் மேற்கு வங்க இடது முன்னணி அரசு அதை அங்கீகரித்தது. 2008இல் அது யுனிகோடில் இடம்பெற்றது. 2018இல் சந்தாலி விக்கிப்பீடியா பிறந்தது. உருவாக்கியவரும் பரப்பியவர்களும் அம்மக்களே. அரசு செய்தது தடையை நீக்கி இடம் கொடுத்தது மட்டுமே. அரசின் பங்கு, கட்சியின் பங்கு அந்த அளவில் இருக்கும்போது மொழி தழைக்கிறது.

நிலத்தின் பெயர் மொழியில் இருக்கிறது

'மொழி வயிற்றுக்குச் சோறு போடுமா? முதலில் நிலம், கூலி, ரேஷன் பார்ப்போம்' என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பெங்களூருவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

சாமராஜநகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன மலையில் சோளகர்கள் வாழ்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் சோலிகர் என்பார்கள். 'சோளகர் தொட்டி' நாவலைப் படித்த தோழர்களுக்கு அம்மக்களின் துயரம் தெரியும். அந்தக் காடு சரணாலயமாகவும், பின்னர் புலிகள் காப்பகமாகவும் ஆனபோது, 'நீங்கள் இங்கே இருந்ததற்கு ஆதாரம் என்ன?' என்று அரசு கேட்டது. அவர்களிடம் பட்டா இல்லை. ஆனால் சொற்கள் இருந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய எல்லைக்கு ஒரு பெயர். அதற்குள் தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என்று ஐந்து வகை வழிபாட்டிடங்கள். ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் ஒரு பெயர். பெங்களூரு ஆய்வாளர்களின் துணையோடு சோளகர்கள் காட்டில் நடந்து, இப்பெயர்களுக்குரிய நூற்றுக்கணக்கான இடங்களை வரைபடத்தில் பதிந்தார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி 2011இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றினுள் அவ்வுரிமை வழங்கப்பட்டது நாட்டிலேயே முதன்முறை.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே. அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் போய், கேட்டு வைத்துக்கொள்ள இளைஞர்களும் இல்லாமல் போயிருந்தால், அந்த நிலத்துக்கு என்ன சாட்சி இருந்திருக்கும்? நிலம் முதலில், மொழி பிறகு என்று வரிசை போட முடியாது. மொழி அம்மக்களின் நிலப் பத்திரம்.

தமிழ்நாட்டு அரசு 2024–25 வரவு செலவுத் திட்டத்தில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. வரவேற்போம். ஆனால் ஆவணப்படுத்துவது வேறு, வாழவைப்பது வேறு. ஒலிப்பதிவுப் பேழைக்குள் ஒரு பாட்டியின் குரல் பத்திரமாக இருக்கும். பேத்தி அந்த மொழியில் பதில் சொன்னால்தான் மொழி இருக்கும். ஒடிசா மாநிலம் 2006 முதல் தொடக்கப் பள்ளிகளில் பத்துப் பழங்குடி மொழிகளில் கற்பிக்கத் தொடங்கி, பின்னர் அதை இருபத்தொரு மொழிகளாக விரிவாக்கியது. குறைகள் அங்கேயும் உண்டு. ஆயினும் வழி அதுதான். தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட அரசியல் சாசனத்தின் 350அ பிரிவு சொல்கிறது. அது தமிழருக்கும் வங்காளிகளுக்கும் மட்டும் எழுதப்பட்டதன்று.

இழந்தவர்களே கேட்டார்கள்

இங்கே இன்னொரு நாட்டின் இளைஞர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நியூசிலாந்தில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மாவோரிக் குழந்தைகளின் பள்ளிகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடிவாங்கினார்கள். அடிபட்ட தலைமுறை, தன் பிள்ளைகளாவது அடிபடக்கூடாது என்று வீட்டிலேயே ஆங்கிலம் பேசத் தொடங்கியது. நூறாண்டில் நகரத்து மாவோரி இளைஞருக்குத் தாய்மொழி அந்நிய மொழியாயிற்று.

1972 செப்டம்பர் 14 அன்று, 'ங்கா தமத்தோவா' என்ற இளைஞர் அமைப்பினரும் பல்கலைக்கழக மாணவர்களும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றப் படிகளில் ஏறினார்கள். பள்ளிகளில் மாவோரி கற்பிக்கவேண்டும் என்பது கோரிக்கை. அந்த இளைஞர்களில் பலருக்கு அம்மொழி பேச வராது. தம்மிடம் இல்லாததைத்தான் அவர்கள் கேட்டார்கள். அதில் அவர்கள் வெட்கப்படவில்லை. பறிபோனதைத் திரும்பக் கேட்பவன் திருடன் அல்லன் அல்லவா? பத்தாண்டில், 1982இல், 'கோஹங்கா ரேயோ' என்னும் மழலையர் பள்ளிகள் தோன்றின. மொழி தெரிந்த பாட்டிமாரும் பேசப் பழகும் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுதும் மாவோரியிலேயே வாழ்ந்தார்கள். நடுத்தலைமுறை விட்ட கண்ணியைப் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பூட்டினார்கள். 1987இல் அது நாட்டின் ஆட்சி மொழியாயிற்று.

மொழி பேசத் தெரியாத இளைஞர்களைக் கேலி செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 'தமிழ் படிக்கத் தெரியாத தமிழன்' என்று மேடையில் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு ஒருவரையும் படிக்க வைத்ததில்லை. வாய் திறந்தவரை வாயடைக்க வைத்ததே அதன் பயன்.

நமது பணி

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஒரு பாதிதான் சரி என்றேன் அல்லவா? தமிழ், கோத்த மொழி போன்று ஆபத்தில் இருக்கும் மொழியன்று. கோடிக்கணக்கானோர் பேசுவது; அரசும் பல்கலைக்கழகங்களும் அச்சகங்களும் உடையது. பெங்களூருவில் ஒரு பிள்ளை தமிழ் படிக்காமல் வளர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு இழப்பு, தமிழ் அழியாது. கோத்தகிரி மலையில் ஒரு தலைமுறை கோத்த மொழியை விட்டால் உலகத்திலேயே அம்மொழிக்கு வேறு இடமில்லை. இந்த வேறுபாட்டை மறந்து, நம் குறையையும் அவர்கள் இழப்பையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

மறுபாதி முற்றிலும் சரி. நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லை. பிழைப்புக்கு ஆங்கிலம், ஊருக்குக் கன்னடம், வீட்டுக்குப் பேச்சுத் தமிழ் போதும் என்று விட்டுவிட்டோம். தன் வீட்டில் எழுத்து அறுந்துபோவதைப் பொருட்படுத்தாதவன், அடுத்தவன் மொழிக்காக எழுதும் தீர்மானத்தில் உயிர் இருக்குமா?

ஆகவே சில பணிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, இந்தப் பகுதிக் கிளைகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்தலாம். ஆசிரியராக நான் வருகிறேன். பாடநூல் தனியே வேண்டாம். நமது வார இதழே போதும்.

இரண்டாவது, கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்த் தோழர்கள் கற்றுக்கொள்ளவேண்டும். இந்த மண்ணின் உழைப்பாளியோடு அவன் மொழியில் பேசாமல் அவனை எப்படித் திரட்டுவோம்? தாய்மொழிப்பற்று இன்னொரு மொழியின் மீது கோபமாக மாறும்போது, அதனால் லாபம் அடைவது முதலாளியும் மதவெறியரும்தான். இந்த நகரம் அதை முன்பே பார்த்திருக்கிறது.

மூன்றாவது, நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் பணியாற்றும் தோழர்கள், மலைமக்கள் கோரிக்கைப் பட்டியலில் நிலம், சாதிச் சான்றிதழ், சாலை இவற்றோடு பள்ளியில் தாய்மொழி என்பதையும் சேர்க்கவேண்டும். என்ன எழுத்து, யார் ஆசிரியர், எந்தக் கதை பாடமாகவேண்டும் என்பதை அந்தச் சமூகத்து இளைஞர்களே முடிவு செய்யட்டும். நாம் அவர்களுக்குப் பின்னால் நிற்போம். மனு எழுதவும் மறியல் செய்யவும் துணை போவோம். அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

நான்காவது, அடுத்த கணக்கெடுப்பில் பத்தாயிரம் என்ற வரம்பை நீக்கி, ஒவ்வொரு தாய்மொழியையும் அதன் பெயரிலேயே வெளியிடவேண்டும் என்ற கோரிக்கையை எழுப்புவோம். இருப்பதை இருப்பதாகச் சொல்லச் சொல்வது பெரிய கோரிக்கையன்று. ஆனால் அதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

தோழர்களே, அந்தப் பெண் இன்று இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். சில மாதங்களாக அவளும் நானும் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறோம். நான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். அவள் என் கன்னடத்தைத் திருத்துகிறாள். அவள் இப்போது தலைப்புகளைப் படிக்கிறாள். நான் இன்னும் கன்னட ஒத்தெழுத்துகளில் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இருவரில் மெதுவாகப் படிப்பவர் யார் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். இந்த உரை அச்சில் வரும்போது இதை அப்பாவைப் படித்துக்காட்டச் சொல்லாமல் தானே படிக்கப் போவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதற்காகவே வாக்கியங்களைக் கொஞ்சம் சுருக்கமாக எழுத முயன்றேன். முழுதும் முடியவில்லை.

வகுப்பு வரும் ஞாயிறு தொடங்குகிறது. பிள்ளைகளை அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களும் வாருங்கள்.